கண்டக்டரின் மோதிரவிரல்

எங்கள் ஆய்வகத்தில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு சூதாட்டம் நடக்கும். ஆடுபவர்கள் இரண்டே பேர், நானும் எங்கள் டெக்னீசியனும். பந்தயப் பொருள் ஓர் உளுந்த வடை.

ஆய்வகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், சூட்கேஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். தொண்ணூறுகளின் நடுவில் அரசு வேலையை விட்டுவிட்டு நான் தொடங்கியது. ஊரில் உள்ள சர்ஜன்கள் வெட்டி எடுக்கும் சதைத் துண்டுகள், அழுகாமல் காக்கும் பார்மலின் திரவம் ஊற்றிய பாட்டிலில் எங்களிடம் வரும். டெக்னீசியன் அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுவார். செல்லின் உட்கருவில் நீலம் பிடிக்கும். மிச்சத்தில் எல்லாம் ரோஸ் நிறம் பிடிக்கும். அதை நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சாதாரண வீக்கமா, கட்டியா, கெட்ட கட்டியா என்று எழுதித் தரவேண்டும். இதற்குப் பெயர் பேத்தாலஜி. நான் ஏதோ போட்டோ ஸ்டுடியோ நடத்துவதாகவே என் மாமியார் கடைசிவரை நம்பினார். நானும் மறுக்கவில்லை.

சூதாட்டம் இதுதான். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைக்கும் முன், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெறுங்கண்ணால் பார்த்து, இன்ன வியாதி என்று நான் சொல்லவேண்டும். சரியாக இருந்தால் டெக்னீசியன் எனக்கு வடை வாங்கித் தரவேண்டும். தப்பாக இருந்தால் நான் அவருக்கு. பார்ப்பவர்களுக்கு இது மாயவித்தை போல இருக்கும். உண்மையில் பழக்கம்தான். கொழுப்புக் கட்டி வெளுத்துப்போய்த் தெரியும். கெட்ட கட்டி பெரும்பாலும் மை கொட்டியதுபோல ஒரே நீலமாகத் திரண்டிருக்கும். அங்கங்கே நீலப்பொடி தூவினாற்போல இருந்தால் அழற்சி. அதாவது ரத்தத்தின் வெள்ளணுக்கள், உடம்பின் காவல்காரர்கள், ஏதோ தொந்தரவு என்று கேள்விப்பட்டுக் கூடியிருக்கிறார்கள் என்று பொருள். நான் பெரும்பாலும் ஜெயித்தேன். அந்த நாட்களில் என் சர்க்கரை அளவு ஏன் ஏறியது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டெக்னீசியன் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். முப்பது வயதைத் தாண்டியவர். சாயம் ஏற்றும்போது தன் அம்மாவிடம் வீட்டு மொழியில் போன் பேசிக்கொண்டே இருப்பார். நிமிடக் கணக்கு மட்டும் ஒருபோதும் தவறாது. அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்த ஒரே சொல் ‘சார்’. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிரிப்பு வரும். சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, என்னிடம் தருவதற்கு முன் ஒவ்வொரு ஸ்லைடையும் அவர் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்ப்பார். அப்படிப் பல ஆண்டுகளாகப் பார்த்ததில், படிக்காமலே பாதி பேத்தாலஜி அவருக்கு வந்துவிட்டது. எனக்கு அது கொஞ்சம் பிடிக்கவும் செய்தது, கொஞ்சம் பிடிக்காமலும் இருந்தது.

தொண்ணூற்றொன்பது என்று நினைவு. ஒரு காலை, ஓர் இடது கையிலிருந்து எடுத்த சிறிய துண்டு ஸ்லைடாகி வந்தது. மோதிரவிரலின் அடியில் வீக்கம் என்று சர்ஜன் எழுதியிருந்தார். அவ்வளவுதான் விவரம். நான் ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளிறிய குளம்போல ஒரு பரப்பு, அதன்மேல் நீலப்பொடி.

“அழற்சி,” என்றேன். “தசைநார் உறையில வீக்கம். வடை சூடா இருக்கணும்.”

“மொதல்ல பாருங்க சார்,” என்றார் டெக்னீசியன். “நடுவுல ஒண்ணு ரெண்டு பெருசு பெருசா கெடக்கு. உள்ளாற செவப்பா முழி மாதிரி. ஒருத்தன் நம்மளையே மொறச்சுப் பாக்குறான்.”

பார்த்தேன். எங்கு பார்த்தாலும் லிம்போசைட்டுகள் என்னும் சின்ன வெள்ளணுக்கள். கடுகு கொட்டினாற்போல உருண்டையாக, நீலமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. அவற்றின் நடுவே அவர் சொன்ன பெரிய செல்களும் இருந்தன. ஒன்று, இரண்டு, தேடினால் மூன்றாவது. இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பந்தயம் கட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிபவன் வியாதியைத் தேடுவதில்லை, தன் வாயிலிருந்து வந்த சொல்லைத்தான் தேடுகிறான். கூட்டம் அழற்சி என்று சொல்லிற்று. நானும் அதையே சொல்லியிருந்தேன். நாங்கள் ஒத்துப்போனோம்.

“வைரஸ் பட்ட செல்லா இருக்கும்மா. இல்லேன்னா நீ சாயத்த ரொம்ப நேரம் ஊற வச்சிட்ட.”

டெக்னீசியன் பர்ஸை எடுத்தார். சாயத்தை அவர் ரொம்ப நேரம் ஊற வைத்ததே கிடையாது. அது எனக்கும் தெரியும். இறங்கிப்போய் வடை வாங்கிவந்தார். தின்றேன்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க நோயாளியே வந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, இடது கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் கத்தினார்.

“அட, நம்ம பரவ சார்! நீங்கதேன் இந்தக் கண்ணாடி டாக்டரா?”

நான் பரவையில் குடியிருந்தேன். தினமும் காலையில் ஆரப்பாளையத்துக்கு நான் வரும் பஸ்ஸின் கண்டக்டர் அவர். பல வருடமாக அவர் கையில் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். பெயர் தெரியாது, அவருக்கும் என் பெயர் தெரியாது. டிக்கெட் கட்டுகளை இடது கை விரல்களுக்கிடையில் விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நடப்பார். அந்தக் கையின் துண்டைத்தான் நான் பார்த்திருந்தேன்.

“ஒண்ணுமில்லப்பா,” என்றேன். “வெறும் வீக்கம். கட்டி கிட்டி எதுவும் கெடையாது. நான் கேரண்டி.”

பேத்தாலஜிக்காரன் சொல்லக்கூடாத சொல் அது. ஆனால் எதிரே நிற்பவரின் முகம் மலர்வதைப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் தொழிலில் அபூர்வம். சதைத் துண்டுகள் நன்றி சொல்வதில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் பெரிய மனிதன் ஆனேன். முன்வாசலுக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் சீட்டில் கண்டக்டர் தன் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். யாராவது உட்காரப் போனால், “அண்ணே, எந்திரிங்க, டாக்டரய்யா வாராரு. என் கைய கண்ணாடியில பாத்துச் சுத்தம்னு சொன்ன மனுசன்” என்பார். இதன் விளைவாகப் பரவை மார்க்கெட்டிலிருந்து காய் ஏற்றிவருபவர்கள், ஆசிரியைகள், ஒரு தவில்காரர் என்று எல்லோரும் தங்கள் உடம்பின் வீக்கங்களை எனக்குக் காட்டத் தொடங்கினார்கள். தவில்காரர் தன் தோளில் இருந்த கொழுப்புக் கட்டியை என் கையைப் பிடித்துத் தொடவைத்து, “உருளுதா சார்?” என்று கேட்டார். உருண்டது. உருளும் கட்டி சாது. பஸ்ஸே நிம்மதியடைந்தது.

ஒன்றரை வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, டிக்கெட் கொடுத்துக்கொண்டே அவர் இடது கையை என் மடியில் வைத்தார்.

“சார், பழைய ஆளு திரும்ப வந்துட்டான் போல. அதே எடத்துல.”

பழைய தழும்பை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. வலிக்கவில்லை என்றார். வலிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை, அழற்சி என்றால் வலிக்கவேண்டும். “சர்ஜன்கிட்ட போயி ஒரு துண்டு எடுத்துக் குடுக்கச் சொல்லு,” என்றேன்.

அடுத்த வாரம் ஸ்லைடு வந்தது. நான் ஜன்னலில் பிடிக்கவில்லை. டெக்னீசியனும் பந்தயம் கேட்கவில்லை. நேரே மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இந்த முறை பெரிய செல்களைத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கொழகொழத்த குளத்தின் நடுவே அவை கும்பல் கும்பலாக இருந்தன. ஒவ்வொன்றின் உட்கருவிலும் சிவந்த முழி. சுற்றிலும் அதே நீலக் கடுகுக் கூட்டம்.

நான் நிமிர்ந்தபோது, பழைய ஸ்லைடு என் வலது கைப் பக்கம் மேஜைமேல் இருந்தது. டெக்னீசியன் அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டிருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அண்ணன் தம்பி அல்ல, ஒரே ஆள். முதல் ஸ்லைடில் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன், இரண்டாவதில் நிமிர்ந்து நிற்கிறான்.

அந்தக் கட்டி மிக அபூர்வமானது. கை, கால் விரல்களின் மென்திசுக்களில் வருவது. மெதுவாக வளரும். உடம்பில் மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் முழுதாக எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். தன்னைச் சுற்றி அழற்சி அணுக்களை அவ்வளவு கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் யாரையும் ஏமாற்றும். முதல் ஸ்லைடு வந்தபோது, உலகம் அதற்குப் பெயர் வைத்தே ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இதெல்லாம் எனக்குச் சாதகமான செய்திகள். அன்று மாலைக்குள் இவற்றை மனப்பாடமே செய்துவிட்டேன். ஆனால் பெயர் தெரியாவிட்டாலும், ‘இங்கே ஏதோ சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேட்போம்’ என்று எழுத எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்பட்டிருக்காது. டெக்னீசியனுக்குத் தேவைப்படவில்லை.

சர்ஜனுக்குப் போன் செய்து, இது கட்டிதான், மெதுவாக வளரும் வகை, ஆனாலும் கெட்டது என்றேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

“போன தடவையும் இதுதானா சார்? இதுதான்னா கத வேற. நான் அன்னிக்கு அந்த எடத்தையே கிளறி எடுத்திருக்கேன். கத்தி போன வழியெல்லாம் செல்லு செதறி, ஒன்றர வருசமா வேர் விட்டிருக்கும். வெரலோட எடுக்கணும். புதுசா வந்ததுன்னா, கட்டிய மட்டும் கொஞ்சம் ஓரம் சேத்து எடுத்துட்டு வெரல விட்டுறலாம்.”

அவர் இரண்டு கதவுகளையும் திறந்து காட்டிவிட்டார். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

“இல்ல டாக்டர். அது வெறும் அழற்சிதான். இது புதுசு.”

“நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை வச்சுக்கிறேன்.”

போனை வைத்தபோது திங்கட்கிழமை மாலை. டெக்னீசியன் அடுத்த அறையில்தான் இருந்தார். வியாழக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது. என் பெயருக்காக ஒரு மனிதனின் கையில் அந்தச் செல்களை விட்டுவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். மூன்றாவது முறை அது வந்தால் விரலோடு போகாது, கையோடுதான் போகும்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் உற்சாகமாக இருந்தார். சர்ஜன் அவரிடம் விரல் தப்பித்தது என்று சொல்லியிருக்கிறார்.

“எல்லாம் சாரு புண்ணியம்,” என்று பின்சீட்டுவரை கேட்கும்படி அறிவித்தார். “மொதல்லயும் இவருதேன் பாத்தாரு. இப்பவும் இவருதேன் சரியான நேரத்துல புடிச்சாரு.”

“கையத் தட்டுங்கப்பா,” என்றார் தவில்காரர். இரண்டு பேர் தட்டவும் செய்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே வைகையைப் பார்த்தேன். அதில் தண்ணீர் இல்லை. பார்ப்பதற்கு எதுவும் இல்லாத ஆற்றை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு டெக்னீசியன் என் மேஜை முன் வந்து நின்றார்.

“சார், அந்த வடையக் குடுங்க.”

“எந்த வடை?”

“ஒன்றர வருசத்துக்கு முன்னாடி அழற்சின்னு சொல்லி என்கிட்ட வாங்கித் தின்னீங்கள்ல. தோத்தது நான் இல்லையே, நீங்கதான. குடுத்துருங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போகவில்லை. கையை நீட்டியபடி நின்றார். நான் இறங்கிப்போய் ஒரு வடை வாங்கிவந்து கொடுத்தேன். அவர் அதைத் தாளோடு மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் வைத்துவிட்டு, “நீங்க சர்ஜன்கிட்ட பேசுனப்புறம் திங்கிறேன். ஆறிப்போனாலும் பரவாயில்ல” என்றார்.

பேசினேன். நான் பொய் சொன்னேன் என்று அந்தச் சொல்லையே சொன்னேன். சர்ஜன் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “நாளைக்கு ஆபரேஷன் வேணாம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலுக்குப் பரவலன்னு பாத்துட்டு, அடுத்த வாரம் வெரலோட எடுக்கிறேன். அந்தாளுகிட்ட யார் சொல்றது?” என்றார்.

“நான் சொல்றேன்.”

கண்டக்டரின் பஸ் மதியம் ஒரு மணிக்கு ஆரப்பாளையத்தில் அரைமணி நேரம் நிற்கும். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். காலி பஸ்ஸில் கண்டக்டர் பின்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். நான் எதிரில் நின்றபடியே சொன்னேன். விரல் போகவேண்டும் என்பதை முதலில் சொன்னேன். ஏன் என்பதைப் பிறகு சொன்னேன். அவர் தயிர்ச்சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப மொதத் தடவையே அது அங்கன இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“நீங்க பாக்கல.”

“பாத்தேன். சரியாப் பாக்கல. எங்க டெக்னீசியன் சொன்னாங்க. கேக்கல. பந்தயம் கட்டியிருந்தேன்.”

“என்ன பந்தயம்?”

“வடை.”

“வடையா?” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது கேட்கிறார்களா என்பதுபோல. “உளுந்த வடையா, மசால் வடையா?”

“உளுந்த வடை.”

“மசால் வடைன்னாலும் மனசு ஆறும் சார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. அவர் இடது கையை விரித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

“ஒடம்புக்குள்ள வெள்ளணுன்னு காவலுக்கு இருக்குதுல்ல. அம்புட்டுப் பேரும் அங்கனதேன் கூடிக் கெடந்தாங்கன்னு சொல்றீங்க. என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?”

“இதே பஸ் ஸ்டாண்டுல பிக்பாக்கெட்ட புடிச்சா கூட்டம் கூடுதுல்ல, அது மாதிரிதான். ரெண்டு பேரு அடிக்க வாரான். மிச்சப் பேரு வேடிக்க பாக்க வாரான். சமயத்துல திருடனே ‘புடி புடி’ன்னு கத்திக்கிட்டுக் கூட்டத்தோட நிப்பான்.”

“அவன அடையாளம் காட்டத்தான சார் ஒங்கள ஒக்கார வச்சிருக்காக?”

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

“வெரலு இல்லாம டிக்கெட் புடிக்க முடியுமா?”

“பழகணும்.”

“சரி, எறங்குங்க சார். டிரைவரு வாரான். அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா வண்டிய ஓட்டமாட்டான், அழுதுருவான்.”

நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம் விரல் ஒரு பார்மலின் பாட்டிலில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. வேறு எங்காவது அனுப்பலாமா என்று சர்ஜன் கேட்டாராம். கண்டக்டர், “அவருகிட்டயே போகட்டும், இந்தத் தடவ அவரு கண்ண மூடமாட்டாரு” என்றாராம்.

அதை வெட்டிப் பார்ப்பது என் வேலை. எத்தனையோ கை கால்களை வெட்டிப் பார்த்திருக்கிறேன். அவை எதுவும் எனக்கு டிக்கெட் கொடுத்ததில்லை. சர்ஜன் வெட்டிய ஓரம் எதுவென்று ஸ்லைடில் அடையாளம் தெரிய அங்கே கறுப்பு மை பூசி, கட்டி இருந்த பகுதியைத் துண்டு துண்டாக எடுத்து டெக்னீசியனிடம் கொடுத்தேன். அன்று அவர் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. ஸ்லைடுகள் வந்ததும், மை பூசிய ஓரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்த்தேன். அங்கேயும் சில லிம்போசைட்டுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அடையாள அட்டை கேட்காத குறை. முறைத்துப் பார்க்கும் ஆள் ஓரத்தில் எங்கும் இல்லை. பிறகு எழுந்து, டெக்னீசியனை என் நாற்காலியில் உட்காரச் சொல்லி அவரையும் பார்க்கச் சொன்னேன். அவர் முக்கால் மணி நேரம் பார்த்தார். “ஓரம் சுத்தம் சார்,” என்றார். அதன்பிறகே எழுதினேன். முதல் ரிப்போர்ட் தவறு என்பதையும் அதே தாளில் எழுதினேன்.

ஓய்வுபெற்ற பிறகு, பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் சும்மா கூடுவதில்லை. கட்டியே சிலரை அழைக்கிறது. குப்பை அள்ள வரும் பெரிய வெள்ளணுக்களில் சிலரை அது மெல்லப் பேசித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவர்கள் அதற்கு ரத்தக்குழாய் போட்டுத் தருகிறார்கள், அடிக்க வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துகிறார்கள். படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ‘அப்படியானால் நான் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை’ என்பதுதான். இத்தனை வருடம் கழித்தும், எந்தச் செய்தியைப் படித்தாலும் என் மனம் முதலில் எனக்கு ஒரு வக்கீலைத்தான் தேடுகிறது.

கண்டக்டர் தையல் பிரித்த மறுநாள் ஆய்வகத்துக்கு வந்தார்.

“சார், மிச்ச வெரலு இருக்கா? எழுமலையில எங்க பங்காளிக கேக்குறாக. ஒடம்புல ஒரு பாகம் பாட்டில்ல கெடக்கக் கூடாதாம். எங்க நெலத்துல பொதைக்கணுமாம்.”

விதிப்படி அப்படிக் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறேன் என்றேன்.

“நீங்களே கொண்டாங்க. நான் பஸ்ல கொண்டுபோனா எவனாச்சும் பையத் தொறந்து பாப்பான், அப்புறம் என் வேலையும் போயிரும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்து, மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு எழுமலை பஸ்ஸில் உட்கார்ந்தேன். உசிலம்பட்டி தாண்டியதும் பக்கத்துச் சீட்டுக்காரர் கேட்டார்.

“என்னண்ணே, ஊறுகாயா?”

“ஆமா.”

“மாங்காயா, நாரத்தங்காயா?”

“நாரத்தங்காய்.”

“வீட்டுல போட்டதா?”

“வெளிய போட்டது. நான் எடுத்துட்டுப் போறேன்.”

பொய் சொல்லமாட்டேன் என்று மனதில் சபதம் செய்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கண்டக்டரின் நிலம் ஊருக்கு வெளியே, நிலக்கடலை பிடுங்கிய காடு. பங்காளிகள் எட்டுப் பத்துப் பேர் வேப்பமர நிழலில் நின்று, விரலை எப்படிப் புதைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தலைமாட்டு எந்தப் பக்கம்யா? வெரலுக்கு எது தல?”

“நகம் இருக்குற பக்கம்தேன் தல.”

“குளிக்கணுமா, வேணாமா? இது தீட்டா இல்லையா?”

“ஒத்த வெரலுக்கு எம்புட்டுத் தீட்டு? காலு கழுவுனாப் போதும்.”

“அப்ப நாளைக்கு மாமா மொத்தமா போறப்ப, ஒம்பது வெரலுக்கு மட்டுந்தேன் காரியம் பண்ணணுமா?” என்றார் ஓர் இளவட்டம்.

“மாப்ள, ஒன் நாக்க வெட்டிச் சேத்துப் பொதச்சிருவேன்,” என்றார் கண்டக்டர். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். பிறகு எல்லோருக்கும் என்னைக் காட்டினார். “இவருதேன் சாரு. மொதத் தடவ தப்பாச் சொன்னவரு, ரெண்டாந்தடவ சரியாச் சொன்னவரு.” அவர் அதைச் சொன்ன விதத்தில் இரண்டும் ஒரே அளவு பெருமைபோல இருந்தது. “எல்லாம் விதிண்ணே. நம்ம தலையில எழுதுனது.”

குழி தோண்டினார்கள். நான் விரலைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். கண்டக்டரே தன் வலது கையால் அதைக் குழியில் வைத்தார். பங்காளிகள் ஆளுக்கொரு கை மண் தள்ளினார்கள்.

முடிந்ததும் ஆண்கள் கால் கழுவக் கிணற்றுப் பக்கம் போனார்கள். கண்டக்டரின் மனைவி, மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து சற்றுத் தள்ளித் தனியாக நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது அருகில் வந்தார்.

“ஒண்ணு கேக்கவா? அன்னைக்கே நீங்க சரியாச் சொல்லியிருந்தா வெரலு இருந்திருக்குமா?”

“பெரும்பாலும் இருந்திருக்கும்மா.”

“பெரும்பாலும்னா?”

அந்தச் சொல்லை நான் வாழ்நாள் முழுவதும் ரிப்போர்ட்டுகளில் எழுதியிருக்கிறேன். நல்ல சொல், எல்லாப் பக்கமும் வாசல் வைத்தது.

“இருந்திருக்கும்,” என்றேன்.

“அத எழுதிக் குடுப்பீங்களா?”

“ரிப்போர்ட்ல எழுதிட்டேனேம்மா.”

“அது இங்கிலீசு. தமிழ்ல வேணும். இவரு ஊரெல்லாம் விதி விதின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. இவுக அக்கா, தங்கச்சியெல்லாம் என் ராசிங்கிறாக. நான் வாங்கிப் போட்ட மோதிரம் வெரல அரிச்சு அதுலருந்து வந்துச்சாம். ஒன்றர வருசமா அந்தப் பேச்ச கேட்டுக்கிட்டிருக்கேன்.”

மோதிரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் தின்ற அந்த வடைக்கு இவர் ஒன்றரை வருடம் பேச்சு வாங்கியிருக்கிறார்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. தாள் இல்லை. பாட்டிலைச் சுற்றியிருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது. அவர் தன் மகனின் நோட்டிலிருந்து கிழித்து மடித்த ஒரு கோடு போட்ட தாளை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். கேட்கவேண்டும் என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறார். பம்புசெட் ரூமின் சுவரில் வைத்து எழுதினேன். முப்பது வருடத் தொழிலில் தமிழில் நான் எழுதிய ரிப்போர்ட் அது ஒன்றுதான். இந்தக் கட்டி மோதிரம் போட்டதால் வந்ததல்ல, யாருடைய ராசியாலும் வந்ததல்ல. முதல் முறையே இதைக் கண்டுபிடித்திருக்கவேண்டியவன் நான். பார்த்தும் தவறாகச் சொன்னேன். சரியாகச் சொல்லியிருந்தால் விரல் இருந்திருக்கும்.

அவர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார்.

“கையெழுத்துப் போடலையே.”

போட்டேன். அதைத் திருப்பிப் பார்த்து, மை காயட்டும் என்று இரண்டுமுறை காற்றில் வீசிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நாத்தனார்களை நோக்கி நேரே நடந்தார்.